வாழைத்தாரோடு கூடவே போங்கள்: கிராமச் சந்தை பற்றிப் புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

தை பிறந்தால் காவிரி டெல்டா கிராமங்களுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, அறுவடை இயந்திரக்காரர்கள். இன்னொன்று, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கேள்வித்தாள் கட்டுமாகக் கல்லூரிப் பிள்ளைகள். வணிகவியல், எம்.பி.ஏ., சமூகப்பணி, பொருளாதாரம் என்று எந்தத் துறையாக இருந்தாலும் படிப்பு முடிவதற்குள் ஒரு களப் புராஜெக்ட் தலையில் விழும். வேளாண் கல்லூரி மாணவர்கள் என்றால் கிராமத்தில் இருந்து வேலை பழகுவதே பாடத்திட்டத்தில் உண்டு.

தலைப்பு பெரும்பாலும் ‘நெல் சந்தைப்படுத்தலில் விவசாயிகள் சந்திக்கும் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு’ என்ற வார்ப்பில் இருக்கும். நூறு பேரிடம் கேள்வித்தாள், சதவீதக் கணக்கு, கை-ஸ்கொயர் என்று ஒரு புள்ளியியல் சோதனை, ஸ்பைரல் பைண்டிங், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. அறிக்கையைப் பிரித்தால் முதல் அட்டவணையில் பதிலளித்தவர்களில் எத்தனை சதவீதம் ஆண்கள் என்றிருக்கும். கடைசிப் பக்கத்தில் ‘இடைத்தரகர்களை ஒழிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்றிருக்கும். நெல் யாரிடம் போனது, என்ன விலைக்குப் போனது, ஏன் அந்த விலைக்குப் போனது என்பது மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்காது.

குற்றம் பிள்ளைகளுடையது மட்டும் இல்லை. சந்தைப்படுத்தல், வாழ்வாதாரம் என்று வகுப்பில் எழுதிப்போட்ட இரண்டையும் யாரும் வயல்வரப்பில் வைத்துச் சொல்லித் தருவதில்லை. இங்கே அதைக் கொஞ்சம் செய்து பார்க்கலாம்.

முதலில், எந்தத் திசை?

கிராமச் சந்தை என்றதும் இரண்டு சங்கதிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. கம்பெனிகள் தங்கள் சரக்கைக் கிராமத்துக்குள் கொண்டுவந்து விற்பது ஒன்று. கிராமத்தில் விளைந்ததும் செய்ததும் வெளியே போய் விலையாவது இன்னொன்று.

முதலாவதற்குப் பக்கத்திலேயே பெயர்போன உதாரணம் இருக்கிறது. கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்ற வழியில்தான், பாட்டில் வாங்கத் தோதுப்படாத வீடுகளுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது. அவர் மகன் ரங்கநாதன் அதே வழியில் ‘சிக்’ ஷாம்பூவைப் பெரிய வியாபாரமாக்கினார். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி. கே. பிரகலாத், ஏழைகளையும் ஒரு சந்தையாகப் பாருங்கள் என்று உலகக் கம்பெனிகளுக்குச் சொன்னதும் இந்தத் திசையில்தான். நல்ல தலைப்புதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் கிராமத்தார் வாங்குகிறவர்கள். வாங்குவதற்கான காசு அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்பது இரண்டாவது திசையில் இருக்கிறது. தலைப்பில் வாழ்வாதாரம் என்று போட்டுவிட்டு, எந்த பிராண்டு சோப்பு பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. இனி நான் பேசுவதெல்லாம் இரண்டாவது திசை.

பெரியம்மாவும் டிக் போடும் கட்டமும்

‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு? அ) 5,000 ரூபாய்க்குக் கீழ், ஆ) 5,000 முதல் 10,000 வரை…’ இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஊர் பெரியம்மாவிடம் போனால் பேச்சு இப்படித்தான் போகும்:

“மாசாமாசம் வந்தாத்தானே தம்பி சொல்றதுக்கு? நடவு இருந்தா நடவு. இல்லன்னா நூறு நாள் வேலை. மாடு கறந்தா சொசைட்டிக்கு ஊத்துவேன். பெரியவன் திருப்பூர்ல இருக்கான், நல்லநாள் பெரியநாளுக்கு அனுப்புவான்.”

“அப்ப எந்தக் கட்டத்துல டிக் போட, பெரியம்மா?”

“நீயே பாத்துப் போட்டுக்கப்பா.”

பையன் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போடுவான். அவன் எழுதாமல் விட்ட அந்த நாலு வரிப் பேச்சுதான் வாழ்வாதாரம். ஆங்கிலேய ஆய்வாளர்கள் ராபர்ட் சேம்பர்ஸும் கார்டன் கான்வேயும் 1992இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு குடும்பம் பிழைப்பதற்கு வைத்திருக்கும் திறமை, சொத்து, செய்யும் வேலைகள் எல்லாம் சேர்ந்தது வாழ்வாதாரம். பெரிய அடி விழுந்தாலும் தாங்கி மறுபடி எழுந்து நிற்க முடிந்தால் அது நிலைத்த வாழ்வாதாரம். பின்னால் வந்தவர்கள் அந்தச் சொத்தை ஐந்தாகப் பிரித்தார்கள்: நிலமும் தண்ணீரும், படிப்பும் உடம்புத் தெம்பும், வீடு, பம்ப்செட், சாலை போன்றவை, பணமும் கடன் கிடைக்கும் வழியும், அப்புறம் உறவு, குழு, ஊரில் இருக்கும் நம்பிக்கை.

மாதச் சம்பளம் மாதிரி ஒரே எண்ணில் இதை அடக்கினால் என்ன தவறிப்போகும் என்பதற்கு கஜா புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அதற்கு முந்தின மாதம் யாராவது வருமானக் கேள்வித்தாள் கொண்டுபோயிருந்தால் தோப்புக்காரர் மேல்கட்டத்தில் இருந்திருப்பார், நெல் போடுகிறவர் கீழே இருந்திருப்பார். புயலுக்கு மறுநாள் காலையில் தோப்புக்காரருக்கு விற்கக் காய் இல்லை. புதுக் கன்று வைத்தாலும் காய்ப்புக்கு வரச் சில வருடம் ஆகும். அந்த இடைக்காலத்தில் எந்தக் குடும்பத்தை எது தாங்கியது? மாடா, வெளியூர்ச் சம்பளமா, நகைக்கடனா, மச்சினன் வீடா? இதுதான் வாழ்வாதாரம் பற்றிய கேள்வி. கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் அதிகம். சந்தைப்படுத்தல் என்று தலைப்பு வைத்ததுமே அவர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் விற்க நெல் கிடையாது. அவர்கள் விற்பது உழைப்பு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அந்த உழைப்புக்கு இருந்த பெரிய வேலை, கையறுப்பு, போய்விட்டது. நெல் சந்தை பற்றிய அறிக்கையில் அவர்களுக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.

ஒரு வாழைத்தாரின் கணக்கு

சந்தைப்படுத்தலில் புதிதாக இறங்குகிறவர் ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். சாப்பிடுகிறவர் தரும் ஒரு ரூபாயில் விளைவித்தவர் கைக்கு எத்தனை காசு வந்தது? மீதிக் காசு யார் யாரிடம், எதற்காகத் தங்கியது? விளைவித்தவர் வாங்கின விலைக்கும் சாப்பிடுகிறவர் கொடுத்த விலைக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை விலைப் பரவல் என்று பாடத்தில் சொல்வார்கள்.

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து பூவன் ரக வாழைத்தார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் பழகுவதற்காக நான் போட்டவை. நீங்கள் போகும் அன்று நிலவரம் வேறாக இருக்கும்.

தாரில் 120 பழம். வியாபாரி கொல்லையிலேயே 240 ரூபாய்க்கு எடுக்கிறார். வெட்டுக்கூலி, சுமைக்கூலி, வண்டி வாடகை எல்லாம் அவர் செலவு, தாருக்கு 40 ரூபாய். கமிஷன் மண்டியில் தார் 340க்கு ஏலம் போகிறது. மண்டிக்காரர் பத்து சதவீதம், அதாவது 34 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி 306ஐத் தருகிறார். 280 போட்ட வியாபாரிக்கு நின்றது 26. பழக்கடைக்காரர் 340 கொடுத்து வாங்கி, ஏற்றிப்போக 10 ரூபாய் செலவழித்து, கடை வாசலில் தொங்கவிட்டு, பழம் 5 ரூபாய் என்று விற்கிறார்.

120ஐ 5ஆல் பெருக்கி 600 என்று எழுதும் இடத்தில்தான் பல அறிக்கைகள் வழுக்கி விழுகின்றன. தொங்குகிற தாரில் எல்லாப் பழமும் காசாவதில்லை. சில பழம் காம்பு கழன்று உதிரும். சில கறுத்துப்போய்க் கடைசியில் யாருக்காவது சும்மா போகும். பன்னிரண்டு பழம் அப்படிப் போனது என்று வைத்துக்கொண்டால் விற்றது 108, கல்லாவுக்கு வந்தது 540. இந்த 540இல் விவசாயி பங்கு 240, ஏறக்குறைய 44 சதவீதம். பரவல் 300 ரூபாய். அதில் கூலியும் வண்டியுமாக 50, வியாபாரிக்கு 26, மண்டிக்கு 34, கடைக்கு 190.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ‘இடைத்தரகர் கொள்ளை’ என்று எல்லோரும் கைகாட்டும் வியாபாரியிடம் தாருக்கு நின்றது 26 ரூபாய்தான். ஆனால் அவர் ஒரு நாளில் லோடு லோடாக எடுப்பார். கடைக்காரரிடம் 190 நின்றது, ஆனால் அவர் நாளுக்கு ஓரிரு தார்தான் விற்பார், அதில்தான் வாடகையும் கரண்ட் பில்லும் வீட்டுச் செலவும். ஆகவே ‘ஒரு தாருக்கு எவ்வளவு’ என்பதோடு ‘ஒரு நாளைக்கு எத்தனை தார்’ என்பதையும் கேட்காமல் யாருக்கு லாபம் என்று தீர்ப்பு எழுத முடியாது. விவசாயியின் 240ம் லாபமில்லை. நடுகிற வாழைக்கட்டை, உரம், தண்ணீர், காற்றுக்குச் சாயாமல் கொடுக்கும் முட்டு, கிட்டத்தட்ட ஒரு வருடக் காத்திருப்பு எல்லாம் அதற்குள்தான்.

அதே தார் ஆயுத பூஜை, பொங்கல், முகூர்த்த நாட்களை ஒட்டி வெட்டப்பட்டால் கணக்கே வேறு. அதனால் தேதி எழுதாத விலை விலையே இல்லை. எழுதும்போது ‘பூவன், கொல்லை விலை, இன்ன தேதி’ என்று முழுசாக எழுதிப் பழகுங்கள்.

இதைச் செய்ய நூறு பேர் வேண்டாம். விடியற்காலை வெட்டும்போது கொல்லையில் நின்று, வண்டிக்காரர் சம்மதித்தால் அவரோடு மண்டி வரை போய், ஏலம் பார்த்து, மாலையில் பழக்கடையில் நிற்க வேண்டும். சில தார்களை இப்படி முழுசாகப் பார்த்தவன், நூறு கேள்வித்தாள் நிரப்பியவனைவிட வைவாவில் தெளிவாகப் பதில் சொல்வான்.

‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால்

நெல் அறிக்கைகளில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு: ‘போதிய விழிப்புணர்வு இல்லாததால் விவசாயிகள் குறைந்த விலைக்குத் தனியார் வியாபாரிகளிடம் விற்கின்றனர்.’ எனக்கு எரிச்சல் வரும் வரி இது. முப்பது வருடம் நெல் விற்றவருக்கு விலை தெரியாது, மூன்றாம் வருட மாணவனுக்குத் தெரியும் என்று அர்த்தமாகிறது.

கணக்கைப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,369, சன்ன ரகத்துக்கு 2,389. மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்ந்து தமிழ்நாட்டில் 2,500, 2,545. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். ஆக, பொது ரகம் ஒரு சிப்பம் 1,000 ரூபாய். வெளியிலிருந்து லாரியோடு வரும் வியாபாரி 60 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுவார். அவர் மூட்டை 1,320 என்கிறார் என்று வைப்போம். (இது என் எடுத்துக்காட்டு.) முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். மூட்டை 1,320 என்றால் கிலோ 22, குவிண்டால் 2,200. கொள்முதல் நிலையத்தைவிட 300 ரூபாய் குறைவு. பையன் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதப் போய்விடுவான்.

இருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை மிஞ்சிய வருடங்களில் மத்திய அரசு தளர்வு தருவதுண்டு, ஆனால் அது அந்தந்த வருடத்து உத்தரவைப் பொறுத்தது. வியாபாரியோ இயந்திரம் கொட்டிய கையோடு ஈர நெல்லையே ஏற்றிக்கொள்கிறார். 22 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 கிலோ நெல்லை 17க்குக் காயவைத்தால் எடை 94 கிலோவாக இறங்கும். (ஈரம் போக மிஞ்சும் 78 கிலோவை 0.83ஆல் வகுத்துப் பாருங்கள்.) அந்த 94 கிலோவுக்கு அரசு விலையில் கிடைப்பது 2,350. வியாபாரி ஈரத்தோடு தந்தது 2,200. நிஜமான வித்தியாசம் 300 இல்லை, 150.

அந்த 150க்குள் என்னென்ன செலவு அடங்க வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். களம் இல்லாதவர் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார், கிளறிவிட ஆள்கூலி. தார்ப்பாய் வாடகை. கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் வாடகை. முறை வரும் வரை குவியலுக்குப் பக்கத்திலேயே ராத்திரிக் காவல். நடுவில் ஒரு மழை பெய்தால் முதலிலிருந்து. ரசீதில் வராத செலவுகள் ஏதாவது இருந்தால் அதுவும். இவ்வளவையும் கூட்டிய பிறகு, இரண்டு மா (முக்கால் ஏக்கருக்கும் குறைவு) மட்டும் உழுகிறவருக்குக் கொள்முதல் நிலையம் லாபமா, வியாபாரி லாபமா? பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு? பதில் ஆளுக்கு ஆள் மாறும். எந்த அளவு நிலத்துக்கு மேலே கணக்கு மாறுகிறது என்று கண்டுபிடித்து எழுதினால் அது ஒரு நல்ல புராஜெக்ட்.

குத்தகைக்கு உழுகிறவர் கதை தனி. கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் என்கிற நிலம், பயிர்ப் பதிவுச் சான்றுகளைக் கேட்பார்கள். நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும். குத்தகை வாய்ப்பேச்சாகவே இருக்கும். அவருக்கு வியாபாரியிடம் போவது விருப்பமா கட்டாயமா என்பதை ‘எங்கே விற்கிறீர்கள்’ என்ற ஒரு கேள்வி காட்டாது. மறுபக்கம், ஆந்திரா பொன்னி போன்ற சன்ன ரகம் போட்டவர்களுக்குத் தனியார் மில்காரர் அரசு விலைக்கு மேலேயே தருவதும் உண்டு. எல்லா நெல்லும் ஒரு நெல் இல்லை. ரகத்தைக் கேட்டு எழுதுங்கள்.

முன்பணம் என்கிற முடிச்சு

நாகப்பட்டினம் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். விலை கேட்பவர்கள் பலர் இருந்தாலும், சில படகுகளின் மீன் எப்போதும் ஒரே ஆளிடம் போய்ச் சேருவது தெரியும். வலைக்கோ டீசலுக்கோ அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பிடித்த மீனை அவருக்குத்தான் தர வேண்டும் என்பது அதன் எழுதாத நிபந்தனை. வட்டி தனியாக இருக்காது, விலையில் ஒளிந்திருக்கும். வாழைக்கொல்லையில் பூ தள்ளும்போதே பேசி முன்பணம் தருவதும், உரக்கடைக்காரரே விளைச்சலையும் எடுத்துக்கொள்வதும் இதே முடிச்சுதான்.

இதனால்தான் ‘இடைத்தரகரை ஒழி’ என்ற பரிந்துரை எனக்குச் செல்லாக்காசாகத் தெரிகிறது. அவர் கடன் தருகிறார், வண்டி வைத்திருக்கிறார், விலை விழும் ஆபத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறார். அதற்கு அதிகமாகவே எடுத்துக்கொள்கிறார் என்பதும் நடக்கும். அவரை எடுத்துவிட்டால் அந்த மூன்று வேலையையும் யார் செய்வார்கள் என்று சொல்லாத வரை பரிந்துரை முழுமையாகாது. ஓர் இடைத்தரகரையாவது நேரில் பேட்டி எடுங்கள். அவரிடம் பேசாமலே அவரைப் பற்றி எழுதுவதுதான் மாணவ அறிக்கைகளின் வழக்கமாக இருக்கிறது.

தகவல் ஒன்றே விலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அடுத்த மாநிலத்தில் ஓர் அருமையான ஆய்வு நடந்தது. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை படிப்படியாகச் செல்போன் வந்தது. அதற்கு முன் மத்தி பிடித்த படகுகள் தங்கள் ஊர்க் கரைக்கே வரும். ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள், அதே காலையில் பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பிப் போவார்கள். சராசரியாகப் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீண். போன் வந்ததும் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். கொட்டுவது நின்றது. பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட கணக்குப்படி மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது அதன் பொறுமை. பல கரைகளில் வாரம் தவறாமல் விலையைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். உங்களால் ஐந்து வருடம் முடியாதுதான். இரண்டு மாதம், இரண்டு சந்தை, ஒரே பொருள், வாரம் ஒரு நாள் முடியும்.

எந்த மாதம், எந்த ஊர்

வாழ்வாதாரத்துக்கு விளக்கம் தந்த சேம்பர்ஸ் இன்னொன்றும் சொன்னார். ஊர் பார்க்க வருகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை, வசதியான மாதத்தில்தான் வருகிறார்கள், பேசத் தெரிந்த ஆண்களிடமே பேசிவிட்டுப் போகிறார்கள். டெல்டாவுக்கு இது அப்படியே பொருந்தும். தஞ்சாவூர்–கும்பகோணம் மெயின்ரோட்டில் பஸ் நிற்கும் ஊர்களுக்கு எத்தனை கேள்வித்தாள் போயிருக்கும் என்று எண்ணவே முடியாது. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை ஊர்களுக்குப் போகிறவர்கள் குறைவு. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் தண்ணீர் முந்தி வரும், அது முடியும் கடைமடையில் பிந்தி வரும், சில வருடம் வந்தும் போதாது. நடவு பிந்தினால் அறுப்பு பிந்தும், அறுப்பு பிந்தினால் விற்பனையும் பிந்தும். ஒரே தலைப்பில் ஒரு தலைமடை ஊர், ஒரு கடைமடை ஊர் என்று எடுத்தாலே அறிக்கைக்கு உயிர் வந்துவிடும்.

மாதம் அதைவிட முக்கியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் குறுவை நெல் போடுவார்கள். அது அறுப்புக்கு வரும் புரட்டாசி, ஐப்பசியில் மழையும் கூடவே வரும், ஈரப்பதச் சண்டை உச்சத்தில் இருக்கும். அடுத்த நெல் பருவங்களான சம்பாவும் தாளடியும் அறுப்புக்கு வருவது தை, மாசியில். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயல் ஈரத்தில் உளுந்து, பயறு தெளித்துவிடுவார்கள். அது பங்குனி, சித்திரை வாக்கில் விலைக்கு வரும். திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கோடைப் பருத்தி ஆனி, ஆடியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வந்து மறைமுக ஏலத்தில், அதாவது வியாபாரிகள் விலையை எழுதிப் போடும் ஏலத்தில் போகும். கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாத விடுமுறையில் வந்து ‘பெரும்பாலோர் வேலையின்றி உள்ளனர்’ என்று எழுதுவதில் என்ன இருக்கிறது?

அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் நிலம் மாக்கணக்கில் பேசப்படும். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வெற்றிலை கவுளிக்கணக்கு, அதாவது கட்டுக்கணக்கு. வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலில் கட்டுகிற கவுளியிலும் கடையில் விற்கிற கவுளியிலும் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு விலையை எழுதுங்கள்.

கேட்கிற விதம்

அடையாள அட்டையோடு போனால் அரசாங்க ஆள் என்று நினைத்து நிலத்தைக் குறைத்துச் சொல்வார்கள், கடனைக் கூட்டிச் சொல்வார்கள். “லோன் தள்ளுபடி வருமா தம்பி?” என்று கேட்டால், வராது, இது படிப்புக்கு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆதார் எண், பேங்க் கணக்கு எதையும் கேட்காதீர்கள், யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். பெயரை அறிக்கையில் போட வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வியைப் போன பருவத்தோடு கட்டிவிடுங்கள். ‘ஆண்டு வருமானம்’ வேண்டாம். “போன சம்பாவுக்கு எத்தனை மா போட்டீங்க? எத்தனை மூட்டை கண்டுது? முதல் மூட்டை யாருக்குப் போச்சு? பணம் எத்தனாம் நாள் வந்துச்சு?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் பதில் தானாக வரும். வீட்டு ஆம்பளை விலையைச் சொல்வார், வீட்டு அம்மா அந்தப் பணம் எதற்குப் போனது என்று சொல்வார். இருவரிடமும் பேசுங்கள், முடிந்தால் தனித்தனியாக.

பரிந்துரைப் பக்கத்துக்கு வரும்போது இரண்டு ஆசைகள் எழும். ஒன்று, ‘உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க வேண்டும்’ என்பது. விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. நல்லதுதான். பத்தாயிரம் நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020இலேயே தொடங்கியது. உங்கள் ஒன்றியத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம். அது நடக்கிறதா, கொள்முதல் செய்யக் கையில் பணம் இருக்கிறதா, உறுப்பினர்களே அதனிடம் விற்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இன்னொன்று, ‘புவிசார் குறியீடு பெற வேண்டும்’ என்பது, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்கு அரசு தரும் பதிவு. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் கிடைத்தாயிற்று. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், திருபுவனம் பட்டு எல்லாம் முன்பே வாங்கியவை. குறியீடு கிடைப்பது பெயரைக் காப்பாற்றும், விலையைத் தானாக ஏற்றாது. அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் எத்தனை பேர், அந்த முத்திரைக்காக வாங்குபவர் ஒரு ரூபாயாவது கூடத் தருகிறாரா என்பதை விசாரித்தால் பரிந்துரைக்கு ஆதாரம் கிடைக்கும்.

தலைப்பு கிடைக்காமல் திண்டாடுகிறவர்களுக்கு

நெல்லை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லோரும் நெல்லிலேயே நிற்கிறார்கள். தை மாதம் தெளித்த உளுந்தை எடுத்துக்கொள்ளலாம்: ஊர் வியாபாரிக்குக் கொடுத்தவர், விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனவர், விலை ஏறட்டும் என்று வீட்டில் மூட்டை கட்டி வைத்தவர் என மூன்று வகை ஆட்கள் ஒரே தெருவில் கிடைப்பார்கள். வாழை இலைக்கட்டு நல்ல தலைப்பு, முகூர்த்த நாளுக்கும் மறுநாளுக்கும் விலை எப்படி ஆடுகிறது என்று பார்க்கலாம். நாகைப் பக்கத்தில் கூடையில் மீன் விற்கும் பெண்கள் காலையில் ஏலம் எடுக்கும் பணத்தை எங்கே கடன் வாங்குகிறார்கள், மாலையில் எவ்வளவு திருப்பித் தருகிறார்கள் என்ற ஒரே கேள்வியில் ஒரு முழு அறிக்கை இருக்கிறது. நாச்சியார்கோவில் பட்டறையில் விளக்கு எடைக்கணக்கில் விலையாகிறதா, வேலைப்பாட்டுக்குத் தனிக் காசா, பித்தளை விலை ஏறினால் அது யார் தலையில் விழுகிறது என்று கேட்கலாம். பாலை எடுத்தால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவருக்கும் டீக்கடைக்கு ஊற்றுகிறவருக்கும் லிட்டருக்கு என்ன வித்தியாசம், மாட்டுக்கடன் யார் தந்தது என்று தொடங்குங்கள். எதை எடுத்தாலும் கைடிடம் தலைப்பைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். பஸ் காசு தவிர வேறு செலவில்லை.